கறுப்புத் திரையில் வெள்ளெழுத்து

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வந்து சேரும் கண் உபாதைக்கு நம் பெரியோர்கள் 'வெள்ளெழுத்து' என்று பெயர் வைத்தார்கள். பஞ்சாங்கத்தைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்து அச்சுக்கூடத்தாருக்கு மை வாங்கக் கூட வக்கில்லை" என்று சபிக்கும் உபாதை அது. பெயர் வைத்தவர்கள் கணினியைச் சொப்பனத்திலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும், கன்னங்கரேலென்ற திரையில் வெள்ளை எழுத்துக்கள் எறும்பு வரிசைபோல் ஊர, அதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொள்ளும் இன்றைய குடும்பஸ்தரை இதைவிடப் பொருத்தமாக வர்ணிக்க நம்மால் ஆகாது.

லினக்ஸ் என்னும் கணினி அமைப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தோம். 1991-ஆம் வருஷத்தில் பின்லாந்து தேசத்தில், ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தொடங்கி வைத்த காரியம் அது. அதன் மூல எழுத்து யாருக்கும் ஒளிவு மறைவில்லை; எவரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆகவே உலகமெங்கும் பலர் அதைத் தத்தம் வழியில் சமைத்துப் பரிமாறுகிறார்கள். டெபியன், ஆர்ச், பெடோரா என்பன அப்படிப்பட்ட பந்திகளில் சில. சென்னையிலுள்ள ஸீடாக் ஸ்தாபனத்தார் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' என்னும் அமைப்பும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே.

லினக்ஸில் படங்களும் ஜன்னல்களும் உண்டு. சுட்டியைக் கொண்டு தட்டித் தட்டி வேலை செய்யலாம். ஆனால் அந்தச் சித்திர மண்டபத்துக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. அங்கே படமில்லை, சுட்டியில்லை. நாம் ஒரு வரி கட்டளை எழுத, யந்திரம் ஒரு வரி பதில் எழுதும். யந்திரம் சௌக்கியமாயிருக்கும் வரையில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் பலருக்கு நேருவதில்லை. சித்திர மண்டபம் ஒரு நாள் திறக்க மறுத்தால்தான் நிலவறைக்கு இறங்க வேண்டும். அதாவது, யந்திரம் நோயில் படுத்திருக்கும்போது தன் உபாதையைச் சொல்லிக்கொள்ளும் இடம் அது. அந்த இடத்தில்தான் எழுத்து படிக்க முடியாத அளவில் இருக்கிறது!

ஏன் இப்படிச் சிறுத்துப் போயிற்று என்று பார்ப்போம். 1987-ல் ஐ.பி.எம். கம்பெனியார் 'விஜிஏ' என்ற திரை ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் எழுத்துத் திரை என்பது குறுக்கே 80 எழுத்து, மேலிருந்து கீழே 25 வரி. எழுத்து ஒவ்வொன்றும் 8 ஒளிப்புள்ளி அகலம், 16 ஒளிப்புள்ளி உயரமுள்ள கட்டத்துக்குள் வரையப்பட்டது. அக்காலத்து 14 அங்குலப் பெட்டித் திரையில் 25 வரிதான் என்றால், ஒரு வரிக்குக் கிடைத்த உயரம் 7 மில்லிமீட்டருக்குக் குறையாது. பாட்டியார் கூடப் படிக்கலாம். இன்றைக்கு 13.3 அங்குல மடிக்கணினி ஒன்றில் 3840-க்கு 2160 என்று ஒளிப்புள்ளிகளை வாரி இறைத்திருக்கிறார்கள். எழுத்தோ அதே பழைய 16 புள்ளி உயரம். 2160-ஐ 16-ஆல் வகுத்தால் 135 வரி. குறுக்கே 480 எழுத்து. திரையின் உயரம் சுமார் 165 மில்லிமீட்டர் என்றால் வரிக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் கூடக் கிடைக்கவில்லை. எள்ளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினது போலத்தான். திரை நேர்த்தியாக ஆக ஆக எழுத்து மறைகிறது என்பது இந்த நூற்றாண்டின் விநோதங்களில் ஒன்று.

'சிறிய எழுத்தாயிருந்தால் என்ன, குனிந்து படித்தால் போகிறது' என்று இளைஞர்கள் சொல்லலாம். அவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லினக்ஸில் முதல் வன்தட்டுக்கு 'எஸ்டிஏ' என்றும், அடுத்ததற்கு 'எஸ்டிபி' என்றும் பெயர் வருவது சகஜம். ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி எழுத்து ஒன்றில்தான் வித்தியாசம். அதுவும் ஒரு சின்ன வளையமும் அதன் பக்கத்தில் ஒரு கோடுமாக இரண்டும் ஒரே ஜாடை. தட்டைத் துடைத்துப் புதிதாக்கும் கட்டளைக்கு முன்னால் இவற்றில் எதை எழுதுகிறோம் என்பது சாமான்ய விஷயமல்ல. பத்து வருஷத்துக் குழந்தைகள் படங்களும், வீட்டுக் கணக்கும், தாத்தாவின் குரலும் ஒன்றில் இருக்கும், மற்றது காலியாயிருக்கும். 'தப்பாக அடித்துவிட்டேன்' என்று பிறகு எவ்வளவு மன்றாடினாலும் யந்திரம் இரங்காது. ஆங்கிலத்துச் சிறிய 'எல்' எழுத்தும் ஒன்று என்னும் இலக்கமும், பெரிய 'ஓ' எழுத்தும் பூஜ்யமும் இதே ரகம். கண்ணுக்குத் தெரியும் எழுத்து அலங்காரமல்ல, காவல் என்பது நமது அபிப்பிராயம்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். கறுப்புத் திரையில் இரண்டு ஜாதி உண்டு என்பதை முதலில் அறிய வேண்டும். சித்திர மண்டபத்துக்குள்ளேயே ஒரு ஜன்னலாகத் திறக்கும் கறுப்புத் திரை ஒன்று. இதை 'முனையம்' என்பார்கள். மண்டபத்துக்கு வெளியே, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும் நிஜமான நிலவறை மற்றொன்று. அதற்குக் 'கன்ஸோல்' என்று பெயர். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது. பலர் இந்த இடத்தில்தான் தடுமாறிப் போகிறார்கள்.

ஜன்னல் ஜாதிக்கு வைத்தியம் சுலபம். க்னோம் முனையத்திலும் கே.டி.இ.யின் கன்ஸோல் என்ற ஜன்னலிலும் (பெயர்க் குழப்பத்துக்கு நாம் பொறுப்பல்ல) கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து வளரும். கழித்தல் குறியைத் தட்டினால் குறுகும். எழுத்தின் அளவை மட்டுமல்ல, ஜாடையையே மாற்ற விரும்பினால் விருப்பங்கள் என்ற பகுதிக்குள் போய் வேறு எழுத்துருவைப் பொறுக்கிக்கொள்ளலாம். அச்சாபீஸ்காரர் 'டைப்' என்று சொல்வதைத்தான் இங்கே எழுத்துரு என்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை: எல்லா எழுத்தும் சம அகலமுள்ள எழுத்துருவாக இருக்க வேண்டும். கட்டளைத் திரை பழைய தந்தித் தட்டச்சு யந்திரத்தின் வாரிசு. சதுரங்கப் பலகை போல் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் குலாசாரம்.

எக்ஸ்டெர்ம் என்று மிகப் பழைய ஜன்னல் ஒன்றும் இருக்கிறது. அதில் கண்ட்ரோல் விசையோடு சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் எழுத்தளவுப் பட்டியல் விரியும். பெரியது, மிகப் பெரியது, சிறியது, மிகச் சிறியது என்று போய், அதற்கும் சிறியதாக ஓர் அளவு. அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'படிக்க முடியாதது!' சரக்கைப் பற்றி இவ்வளவு யோக்கியமாகப் பேசும் கடைக்காரரை நாம் மூர்மார்க்கெட் காலத்திலும் கண்டதில்லை.

கன்ஸோலுக்கு வருவோம். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப்3 விசையைத் தட்டினால் டெபியன் போன்ற அமைப்புகளில் நிலவறைக் கதவு திறக்கும். பெயரும் ரகசியச் சொல்லும் கேட்கும். திரும்பி மேலே ஏற எஃப்2 அல்லது எஃப்1. (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறோம். விசைப்பலகையில் ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவும்.) உள்ளே நுழைந்ததும் நமக்கு வேண்டிய கட்டளை 'ஸெட்பாண்ட்', இடைவெளியில்லாமல் ஒரே சொல். அதற்குப் பக்கத்தில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்து என்டர் விசையைத் தட்டினால், கண் இமைக்கும் நேரத்தில் திரை முழுவதும் புதிய எழுத்தாக மாறிவிடும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ சட்டென்று வெளிச்சத்துக்குத் தூக்கி விட்டாற்போல் இருக்கும்.

எழுத்துருக்கள் எங்கே கிடைக்கும்? டெபியனில் 'யூஎஸ்ஆர்' என்ற அடைவுக்குள் 'ஷேர்', அதற்குள் 'கன்ஸோல்பாண்ட்ஸ்' என்ற அடைவில் கும்பலாகக் குடியிருக்கின்றன. அந்த அடைவுக்குப் போய், கட்டளையோடு பெயரின் முதல் சில எழுத்துக்களை அடித்து டாப் விசையைத் தட்டினால் மீதியை யந்திரமே பூர்த்தி செய்யும். அங்குள்ளவற்றில் நாம் சிபாரிசு செய்வது டெர்மினஸ் குடும்பம். பல்கேரியரான டிமிட்டர் ஷெகோவ் என்பவர் வரைந்தது. தடித்த, தெளிவான, வெகுநேரம் பார்த்தாலும் கண்ணை உறுத்தாத எழுத்து. 6-க்கு 12 புள்ளியிலிருந்து 16-க்கு 32 புள்ளி வரையில் பல அளவுகளில் கிடைக்கிறது. நாம் மேலே கணக்குப் போட்ட மடிக்கணினியில் 32 புள்ளி எழுத்தை ஏற்றினால் வரி உயரம் இரண்டரை மில்லிமீட்டருக்கு அருகில் வந்துவிடும். 67 வரி, 240 எழுத்து. அப்போதும் பழைய பெட்டித் திரைக்கு ஈடாகாது; ஆனால் வாசிக்கலாம். ஆர்ச் லினக்ஸை நிறுவுவோருக்கான வழிகாட்டியிலேயே, நெருக்கமான திரையுள்ளவர்கள் 'டெர்-132பி' என்ற எழுத்துருவை ஏற்றிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறார்கள். அதில் 32 என்பது உயரம். கடைசி 'பி' தடித்த எழுத்துக்கு அடையாளம். லினக்ஸின் உட்கருவைப் பேணுவோரும் விழித்துக்கொண்டு, 2019-ல் வந்த 5.0-வது பதிப்பிலிருந்து இந்த 16-க்கு 32 எழுத்தைக் கருவோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

ஸெட்பாண்ட் செய்வது தற்காலிகச் சிகிச்சை. யந்திரத்தை அணைத்து மறுபடி எழுப்பினால் எறும்புகள் பழையபடி ஊரும். நிரந்தரமாக்க வேண்டுமானால் டெபியனில் 'சூடோ டிபிகேஜி-ரீகான்பிகர் கன்ஸோல்-ஸெட்அப்' என்ற நீண்ட மந்திரம் ஒன்று உண்டு. அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும்: எழுத்துக் குறிமுறை என்ன, எந்த எழுத்துத் தொகுதி, எந்த எழுத்துரு, என்ன அளவு. பதில் சொல்லிக்கொண்டே போனால் காரியம் முடிந்தது. ஆர்ச், பெடோரா முதலியவற்றில் 'எட்ஸி' அடைவிலுள்ள 'விகன்ஸோல்.கான்ப்' என்ற கோப்பில் எழுத்துருவின் பெயரை ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

இரண்டாவது கேள்வியில் வரும் எழுத்துத் தொகுதிப் பட்டியலைச் சற்று நின்று படித்தோம். லத்தீன் எழுத்து பல தினுசு, கிரேக்கம், ஸிரிலிக், ஹீப்ரு, அரபி, ஆர்மீனியம், ஜார்ஜியம், தாய்லாந்து எழுத்து, லாவோஸ் எழுத்து, எத்தியோப்பிய எழுத்து. தமிழ் இல்லை. ஹிந்தியுமில்லை, வங்காளியுமில்லை, நம் தேசத்து எழுத்து எதுவுமே இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. கன்ஸோல் எழுத்துருவில் 256 இடம்தான். மிஞ்சிப் போனால் 512. (அந்த இரண்டாவது 256-க்காக, எழுத்தின் நிறங்கள் பதினாறில் எட்டை விஜிஏ பறிகொடுத்தது என்பது ஒரு கிளைக் கதை.) தமிழில் எழுத்து அதிகம், அந்த இடத்துக்குள் அடங்காது என்பார்கள். அடங்குமா, அடங்காதா என்று கணக்குப் போடுவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் புள்ளியோடு சேர்த்துப் பதின்மூன்று வீதம் 65. 'ஸ்ரீ' ஒன்று. மொத்தம் 313. ஆங்கில எழுத்து, இலக்கம், குறிகள் எல்லாம் 95. கூட்டினால் 408. இடமோ 512. நூற்று நாலு இடம் மிச்சம்! கிரகம் பிடித்த இந்தச் சமாதானத்தை மூன்றாம் பாரத்துப் பையன் கூட ஒப்புக்கொள்ள மாட்டான்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. யூனிகோட் என்னும் உலகக் குறிமுறையில் உயிர்மெய்களுக்குத் தனித்தனி எண் கிடையாது. ககரத்துக்கு ஓர் எண். கொம்புக்கு ஓர் எண். 'கெ' என்று எழுத, நாம் உச்சரிக்கும் முறைப்படி ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது வரைகிறவரின் பொறுப்பு. சித்திர மண்டபத்தில் அந்த வேலையைச் செய்யத் தேர்ந்த கைகள் இருக்கின்றன. நிலவறையிலோ ஓர் எண்ணுக்கு ஒரு கட்டம் என்று வந்த வரிசையில் நிரப்பிக்கொண்டு போவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே தமிழ் வடிவங்களை அப்படியே ஏற்றினாலும், ககரம் ஒரு கட்டத்திலும் கொம்பு அதற்குப் பின் கட்டத்திலுமாக, தலைகீழாகத்தான் தோன்றும். 'கொ' படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ஒரே எண்ணுக்குரிய குறி ககரத்துக்கு இருபுறமும் நிற்க வேண்டியிருக்கிறது. தாய்லாந்துக்காரர்களுக்கும் எழுத்துக்கு முன்னால் வரும் உயிர்க்குறி உண்டு. ஆனால் எழுதுகிற வரிசையிலேயே அவர்கள் சேமிப்பதால் இந்தச் சங்கடம் அவர்களுக்கு நேரவில்லை.

அகலம் இன்னொரு தொல்லை. ரகரமும் ஞகரமும் சம அகலக் கட்டத்தில் சமரசமாய் வாழ்வது கஷ்டம். தமிழ்த் தட்டச்சு யந்திரம் செய்தவர்களுக்கும் இதே தலைவலிதான். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு நகராத விசை வைத்தார்கள்: முதலில் புள்ளி விழும், உருளை நகராது, அதே இடத்தில் எழுத்து வந்து அமரும். இரும்பும் ஸ்பிரிங்கும் கொண்டே அவர்கள் அவ்வளவு சாமர்த்தியம் செய்திருக்க, கோடிக்கணக்கான கூட்டல்களை நொடியில் முடிக்கும் யந்திரம் கொம்பை முன்னே வைக்கத் தெரியாமல் விழிப்பது நமக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

அயலாரைக் கோபித்துப் பயனில்லை. எத்தியோப்பிய எழுத்துக்கு ஹெல்ஸிங்கியிலிருந்து யாரும் வலிய வந்து இடம் போட்டுக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறோம். கன்ஸோலின் மூல எழுத்து திறந்த ஓலையாகத்தான் கிடக்கிறது. நம் கலாசாலைகளில் கணினி படிக்கும் ஆயிரக்கணக்கான மாணாக்கர்களில் நாலு பேர் ஒரு கோடை விடுமுறையை இதற்குச் செலவிடலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது. டெபியனை நிறுவும்போதே இந்த வேற்றுமை வெளியாகிவிடும். 2007-ல் வந்த 4.0-வது பதிப்பு முதல் படத்துடன் கூடிய நிறுவுமுறை உண்டு; அதில் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, கேள்விகளைத் தமிழிலேயே கேட்கும். படமில்லாத எழுத்து முறையில் நிறுவினால் பட்டியலில் தமிழைத் தேடினாலும் கிடைக்காது. சௌக்கியமாயிருக்கும்போது நம்மோடு தமிழில் பேசிக் குலாவிய யந்திரம், ஜுரம் கண்டதும் இங்கிலீஷில் மட்டுமே பிதற்றுகிறது. வீட்டில் அந்தப் பாஷை தெரியாத தாயாரோ, தம்பியோ தனியாக இருந்தால் அந்தப் பிதற்றலை யார் கேட்டுச் சொல்வது?

ஜன்னல் முனையங்களில் நிலைமை இதைவிடத் தேவலை. லோஹித் தமிழ், நோட்டோ தமிழ் முதலிய எழுத்துருக்கள் இருந்தால் எழுத்து தெரியும். கட்டங்களுக்குள் அடங்க மறுத்து இடித்துக்கொண்டும் இடைவெளி விட்டுக்கொண்டும் நிற்கும், எனினும் படித்துவிடலாம். பன்மொழிக்கென்றே செய்த 'எம்எல்டெர்ம்' என்ற முனையம் நம் எழுத்துக்களைச் சற்று மரியாதையாகவே நடத்துகிறது.

முழு அமைப்பையும் தமிழுக்கு மாற்றி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் கன்ஸோலுக்குள் போனால் யந்திரம் சொல்வதெல்லாம் வெறுங் கட்டங்களாகத் தெரியக்கூடும். எழுத்தைப் பெரிதாக்கினால் கட்டங்களும் பெரிதாகுமே தவிர, வேறு பலனில்லை. உள்ளே நுழைந்ததும் 'எக்ஸ்போர்ட்' என்று எழுதி, இடைவெளி விட்டு, 'லாங்' என்ற சொல்லைப் பெரிய எழுத்துக்களில் அடித்து, சமக்குறி போட்டு, பெரிய எழுத்து 'ஸி' ஒன்றைச் சேர்த்து என்டர் தட்டினால், அதற்குமேல் வரும் பதில்கள் இங்கிலீஷில் வரும். மேலே மண்டபத்திலுள்ள தமிழுக்கு இதனால் பங்கம் ஒன்றுமில்லை.

உற்சாகத்தில் எழுத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கிவிட்டு, வரிகள் மடிந்து மடிந்து விழுவதைப் பார்த்துத் திகைப்பவர்களும் உண்டு. அவர்கள் கவலைப்பட வேண்டாம். டெபியனில் 'ஸெட்அப்கான்' என்று ஒரே சொல் அடித்தால், நிரந்தரமாய் எழுதி வைத்த எழுத்துரு திரும்பி வந்துவிடும். அந்தச் சொல்லை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில், பெரிய எழுத்தில் எழுதி மேஜை மேல் ஒட்டி வைத்துக்கொள்ளுவது உத்தமம்.